டிரம்முக்குள் இறுகும் கொங்கிறீட்: வாசகர் கேள்வி – பதில்

கட்டுமான வாகனங்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை: கொங்கிறீட் கலவை லொறியின் டிரம்முக்குள் இறுகிப்போன கட்டி. ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகின்றன.

கேள்வி: ஐயா, நான் ஓட்டும் ரெடிமிக்ஸ் லொறியின் டிரம் 6 கன மீற்றர் கொள்ளக்கூடியது. அவிசாவளைப் பக்கமிருந்து கினிகத்தேனை, ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குக் கொங்கிறீட் ஏற்றிச் செல்கிறேன். ஒரு வருடத்துக்கு முன்னர் 5 கன மீற்றரைச் சிரமமின்றிக் கொண்டுசென்ற லொறியில் இப்போது 4 கன மீற்றர் ஏற்றினாலே ஏற்றங்களில் பின்வாயால் வழிகிறது. வண்டி மலையில் இழுக்கவும் மறுக்கிறது. டிரம்முக்குள் கட்டி பிடித்திருக்கிறது என்கிறார் கராஜ்காரர். எங்கள் குளிரில் கொங்கிறீட் சீக்கிரம் இறுகாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? — லொறிச் சாரதி ஒருவர், ஹட்டன்

பதில்: சொல்வதில் பிழையில்லை, ஆனால் அது பாதி உண்மைதான். சீமெந்து நீருடன் சேர்ந்து இறுகுவது ஓர் இரசாயன மாற்றம், குளிரில் அதன் வேகம் குறையும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், 16 பாகை செல்சியஸ் அளவிலான சராசரி வெப்பநிலையில் இருக்கும் நுவரெலியாவில், டிரம் நிறைய இருக்கும் கலவை கீழ்நாட்டில் இருப்பதைவிட அதிக நேரம் இளகியே இருக்கும். ஆனால் உங்கள் டிரம்மைக் கெடுத்தது அந்த முழுக் கலவையன்று. அதை இறக்கிய பின்னர் சுவரிலும், கலவையைப் புரட்டும் சுருள் தகடுகளிலும் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும் சாந்துதான் கெடுத்தது.

நீங்கள் எழுதிய பாதையையே எடுத்துப் பாருங்கள். குளிர் இருப்பது கொங்கிறீட் இறக்கும் இடத்தில். அங்கே தண்ணீர் கையைக் கடிக்கிறது, மாலை மூட்டம் இறங்குகிறது, “கீழே போய்க் கழுவிக்கொள்ளலாம், குளிர்தானே, இறுகாது” என்று நினைத்து வண்டியை எடுக்கிறீர்கள். அந்தப் பூச்சோ ஒவ்வொரு வளைவாக இறங்கி, அவிசாவளையின் வெக்கைக்குள் திரும்பிப் போகிறது. மெல்லிய பூச்சில் உள்ள ஈரம் மிகச் சொற்பம், அது காய்வதற்கு முழுக் கலவை எடுக்கும் நேரம் தேவையில்லை. இரவு ஹட்டனிலேயே நிறுத்திவிட்டாலும் நிலைமை வேறன்று. எந்தக் குளிரிலும் ஒரு முழு இரவு அதற்குப் போதும். குளிர் ஏற்றிச் செல்லும் சரக்கைக் காக்கும், வெறும் டிரம்மைக் காக்காது. மலைநாட்டு வண்டிகளில் கட்டி அதிகமாக இருப்பதற்கு வீதியைவிட இந்த நம்பிக்கையே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

வீதிக்கும் ஒரு பங்கு உண்டு. டிரம் வாய் மேல்நோக்கியிருக்கும்படி சாய்த்தே பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டி செங்குத்தான ஏற்றத்தில் ஏறும்போது முன்புறம் உயர்ந்து அந்தச் சாய்வு குறைகிறது. கலவை பின்வாய்ப் பக்கம் நகர்ந்து, சமதரையில் எட்டாத தகடுகளையும் நனைக்கிறது. அந்தத் தகடுகளை யாரும் கழுவுவதில்லை. ஒருமுறை சொரசொரப்பு ஏற்பட்டுவிட்டால் அடுத்த நாள் சாந்து அதன்மேல் இன்னும் இலகுவாகப் பிடிக்கும். தகட்டின் பின்புறம், டிரம்மின் முன்தலை, டிரம்மின் பக்கத்தில் ஆள் நுழைவதற்கென்று உள்ள துவாரத்தின் (மேன்ஹோல்) மூடி விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும்தான் முதலில் தடிப்பு ஏறும். தகடுகளின் உயரம் கட்டிக்குள் மறைந்துவிட்டால் கலவை சரியாகப் புரளாது, இறக்கும்போதும் முழுவதும் வெளியே வராது. வராமல் நிற்பது மறுநாளைய கட்டியாகிறது.

எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அறிய உள்ளே இறங்க வேண்டியதில்லை. வெறும் வண்டியை எடைமேடையில் நிறுத்தி, புதிதாக வாங்கியபோது பதிவுசெய்த வெற்று எடையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். எரிபொருளையும் தண்ணீர்த் தாங்கியின் அளவையும் இரண்டு தடவையும் ஒரே நிலையில் வைத்துக்கொள்வது முக்கியம். கொங்கிறீட் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 2,400 கிலோகிராம் நிறையுள்ளது. எடை 1,200 கிலோகிராம் கூடியிருந்தால் அரைக் கன மீற்றர் கல்லை ஒவ்வொரு நாளும் கட்டணமில்லாமல் கினிகத்தேனை ஏற்றத்தில் ஏற்றி இறக்குகிறீர்கள் என்று பொருள். டீசலையும் பிரேக்கையும் அது தின்கிறது. ஒரு பக்கமாகப் பிடித்த கட்டியானால் டிரம்மைத் தாங்கும் உருளைகளையும் கியர்பெட்டியையும் சேர்த்தே தின்னும்.

இனிச் செய்ய வேண்டியது. கொங்கிறீட்டை இறக்கி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்னரே, வாயையும், கொங்கிறீட் வழிந்து இறங்கும் பீலியையும், எட்டக்கூடிய தகடுகளையும் குழாயால் அடித்துக் கழுவுங்கள். 150 தொடக்கம் 200 லீற்றர் வரை தண்ணீரை டிரம்முக்குள் விட்டு, சில நிமிடங்கள் வேகமாக இரு திசைகளிலும் சுழற்றி, பின்னர் அந்தத் தண்ணீரை உள்ளேயே வைத்து மெதுவாகச் சுழலவிட்டபடி திரும்புங்கள். கொங்கிறீட் ஆலைக்கு வந்ததும் கழுவு தொட்டியில் அதைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரால் முழுமையாக ஒருமுறை கழுவுங்கள். அன்றைய பூச்சு சற்று இறுகத் தொடங்கியிருந்தால், முக்கால் அங்குலக் கருங்கல் சல்லியில் ஒரு பகுதியைத் தண்ணீருடன் போட்டு இருபது முப்பது நிமிடம் சுழற்றினால் கல்லே சுரண்டிக் கொடுக்கும். ஒரு வாரப் பழைய கட்டியிடம் இந்த வித்தை செல்லாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கழுவிய தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு அதன்மேலேயே அடுத்த கலவையை ஏற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒரு கன மீற்றருக்கு 350 கிலோ சீமெந்தும் 175 லீற்றர் தண்ணீரும் கொண்ட கலவையில் நீர்–சீமெந்து விகிதம் 0.50. உள்ளே மறந்துபோன 200 லீற்றர், 5 கன மீற்றர் கலவையில் சேரும்போது ஒவ்வொரு கன மீற்றருக்கும் 40 லீற்றர் கூடி, விகிதம் 0.61 ஆகிவிடும். அந்தக் கொங்கிறீட்டில் எழும் தூணுக்கு எதிர்பார்த்த பலம் இராது. குறைகூறப்படுபவரோ கட்டடத்தின் மேசன்.

வெளியிலிருந்து சம்மட்டியால் டிரம்மை அடிப்பதையும் நிறுத்துங்கள். டிரம்மின் உருக்குத் தகடு சில மில்லிமீற்றர் தடிப்பு மாத்திரமே. அடித்த இடம் உட்புறம் புடைத்து, அடுத்த கட்டி பிடிப்பதற்கு இடம் செய்து கொடுக்கிறது.

கேள்வி: என்னிடம் இரண்டு கலவை லொறிகள் உள்ளன. ஹாட்வெயார் கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிச் சுழற்றினால் கட்டி கரைந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். கல்லுடைக்கும் இடத்தில் வேலை செய்யும் இன்னொருவர், சிறிதளவு வெடிமருந்து வைத்தால் ஒரே அதிர்ச்சியில் கழன்றுவிடும் என்கிறார். எது நல்லது? — லொறி உரிமையாளர், பண்டாரவளை

பதில்: வெடிமருந்து பற்றிய யோசனைக்கு ஒரே வரி போதும்: கட்டி கழலுமோ கழலாதோ, டிரம் கழலும், சட்டமும் உங்களைத் தேடி வரும்.

அமிலம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் ஆபத்தும் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இறுகிய சீமெந்துப் பசையைக் கரைக்கும். ஆனால் நம் மலைநாட்டுக் கருங்கல்லையும் ஆற்றுமணலின் படிகத் துகள்களையும் அது தொடாது. ஆகவே நான்கு விரல் தடித்த கட்டியின் மேற்பரப்பில் நுரைத்து, அரை விரல் அளவு தின்றுவிட்டு, தன் பலத்தை இழந்துவிடும். அதே நேரத்தில் கட்டி இல்லாத இடங்களில் வெறும் உருக்கைக் கடிக்கத் தொடங்கும். அமிலமும் இரும்பும் சேருமிடத்தில் ஐதரசன் வாயு வெளிவரும். வாய் ஒடுங்கிய டிரம்முக்குள் அது தேங்கியிருக்கும்போது யாராவது கிரைண்டர் போட்டாலோ வெல்டிங் தொடங்கினாலோ என்ன நடக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. மிஞ்சி நிற்கும் குளோரைட்டு அடுத்த கலவையில் கலந்து கட்டடத்தின் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யவும் கூடும்.

லொறியின் வெளிப்புறம், பீலி, ஏணி ஆகிய இடங்களில் படிந்த மெல்லிய பூச்சுக்கென்று மென்மையான அமிலங்களாலும் சர்க்கரை சார்ந்த பொருள்களாலும் செய்த கரைப்பான்கள் விற்பனையில் உள்ளன. அவை மெதுவாகவே வேலை செய்யும். ஆனால் வண்ணப்பூச்சையும் மனிதரையும் அதிகம் வருத்தாது. அவற்றைப் பூசி ஊறவிட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவலாம். டிரம்முக்குள் இருக்கும் தடித்த கட்டிக்கு அவையும் உதவமாட்டா. அதற்கு இரண்டே வழிகள்: உயர் அழுத்த நீரால் வெட்டுவது, அல்லது ஓர் ஆளை உள்ளே இறக்கி உளி இயந்திரத்தால் உடைப்பது. நீர் வெட்டும் கருவியை டிரம்மின் வாய்வழியே செலுத்தி, இயக்குபவர் வெளியில் நின்றே வேலை செய்யும் முறை சில நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. செலவு கூடத்தான். அடுத்த கடிதத்தைப் படித்த பின்னர் அந்தச் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு வயது 19. தோட்டத்தில் வேலை போதாமையால் கொங்கிறீட் லொறிகள் நிறுத்தும் ஒரு யார்டில் நாட்கூலிக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை டிரம்முக்குள் இறக்கி, மெஷினால் கொங்கிறீட்டை உடைக்க விடுகிறார்களாம். வீட்டுக்கு வரும்போது தலையும் இமையும் வெள்ளையாக இருக்கின்றன. இரவெல்லாம் இருமுகிறான். காது இரைகிறது என்கிறான். கூலி இரட்டிப்பு என்பதால் அதை விட அவனுக்கு மனமில்லை. நான் என்ன சொல்வது? — ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் மகன் செய்வது இந்தத் தொழிலிலேயே மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று. இரட்டைக் கூலி கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்கும், வாங்குபவருக்குத்தான் சொல்லப்படவில்லை.

முதலில் அந்த வெள்ளைத் தூள். அதை வெறும் சீமெந்துத் தூசி என்று எண்ணிவிட வேண்டாம். கொங்கிறீட்டில் உள்ள மணலிலும் கருங்கல்லிலும் சிலிக்கா உண்டு. உளி இயந்திரம் அதைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்குகிறது, அந்தப் பொடி நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று தங்கிவிடுகிறது. அதனால் உண்டாகும் நுரையீரல் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்த தழும்பை மாற்றும் மருந்து கிடையாது, காசநோய் பிடிக்கும் வாய்ப்பையும் அது கூட்டும். அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு வந்த விதியின்படி, எட்டு மணிநேர வேலையில் ஒருவர் சுவாசிக்கும் காற்றில் இந்தப் பொடி கன மீற்றருக்குச் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. டிரம்முக்குள் தண்ணீரும் காற்றோட்டமும் இல்லாமல் உலர்வாக உடைக்கும்போது அந்த அளவு பல மடங்கு தாண்டப்படுகிறது. துணியைக் கட்டிக்கொள்வதும் மருந்துக்கடை முகக்கவசமும் இதற்குப் பயன்படமாட்டா. காது இரைவதற்குக் காரணமும் தெளிவானது: இரும்புப் பீப்பாய்க்குள் அந்த இயந்திரத்தின் ஓசை 100 டெசிபலைத் தாண்டும். அந்த இரைச்சல் நாளடைவில் செவிட்டுத்தன்மையாக நிலைத்துவிடும்.

மகனை உடனே மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். “இருமல்” என்று மட்டும் சொல்லி மருந்து வாங்கிவராமல், “கொங்கிறீட் உடைக்கும் தூசியில் இத்தனை மாதம் வேலை செய்தான்” என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் வைத்தியர் தேடும் திசையையே மாற்றும்.

அடுத்து, தூசியைவிட வேகமாகக் கொல்லக்கூடியவை. டிரம் சுழன்றுவிட்டால் உள்ளே இருப்பவருக்குத் தப்ப இடமில்லை. என்ஜினை நிறுத்தினால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரு பக்கம் கட்டி கனத்த டிரம், என்ஜின் நின்றிருக்கும்போதே தன் பாரத்தால் புரளக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆகவே டிரம்மை இரும்புச் சங்கிலியாலோ பூட்டாலோ அசையாதபடி கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பற்றரியைக் கழற்றி, வண்டிச் சாவியை உள்ளே இறங்குபவரின் சட்டைப்பையிலேயே வைக்க வேண்டும். சாவி மேற்பார்வையாளரின் மேசையில் இருந்தால் இறங்கக் கூடாது. உங்கள் மகன் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதிருக்கச் சொல்லுங்கள்.

தலைக்கு மேல் தொங்கும் கட்டியின் கீழ் ஒருபோதும் நிற்கக்கூடாது. காலடியில் இருப்பதை உடைத்து, வெளியே வந்து, டிரம்மைச் சிறிது சுழற்றி, மீண்டும் பூட்டி, பிறகே உள்ளே போக வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். அவசரப்படுத்துபவர் தானே இறங்கிப் பார்க்கட்டும். மேன்ஹோல் மூடியையும் வாயையும் திறந்துவைத்து, விசிறியால் ஒருபுறம் காற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். உள்ளே காற்றில் ஒட்சிசன் 19.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அதை அளக்கும் சிறு கருவிகள் உள்ளன. கம்பிரஷரையும் ஜெனரேட்டரையும் வாயருகே நிறுத்தினால் அவற்றின் புகை நேராக உள்ளே போகும், ஆதலால் காற்று அவற்றின் புகையை டிரம்மின் பக்கம் கொண்டுவராத திசையில், அவை தூரத்தில் நிற்க வேண்டும். உடைக்கும் இடத்தில் தொடர்ந்து தண்ணீர் தெளித்தால் தூசி பெருமளவு அடங்கும். நனைந்த இரும்புக்குள் வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவியும் விளக்கும் கூடாது; காற்றில் இயங்கும் கருவியும் பற்றரி விளக்கும்தான் பொருத்தம். முகத்துடன் இறுகப் பொருந்தும் தூசிக்கவசம், காதுக்கவசம், கண்ணாடி, தலைக்கவசம் ஆகியவற்றை முதலாளி தர வேண்டும். வெளியில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் அவரும் பின்னால் குதித்துவிடாமல் உதவி அழைப்பதற்காகவே அவர் அங்கே நிற்கிறார்.

இவற்றில் முக்கால்வாசி அந்த யார்டில் இல்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அப்படியானால் மகன் டிரம்முக்குள் இறங்க வேண்டாம் என்பதே என் பதில். அதே யார்டில் கழுவும் வேலையைக் கேட்கட்டும். அங்கே தொடர்ந்து நிற்பதாயின் நாட்கூலியானாலும் தன் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறதா, ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்பதற்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. ஆனால் இவன் நம்மிடம் வேலை செய்தவனே அல்லன் என்று முதலாளி சொல்ல வழி இருந்தால் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வது கடினமாகும். முறைப்பாட்டைத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்பட்டு, கொங்கிறீட் நிறைந்த லொறியுடன் மணிக்கணக்கில் நிற்க நேர்கிறது. சீனி போட்டால் இறுகாது என்பது உண்மையா? — சாரதி, றம்பொடை

பதில்: உண்மை. சீமெந்தின் நிறையில் 0.05 சதவீதச் சீனி, இறுகுவதைச் சில மணிநேரம் தள்ளிப்போடும், 0.2 தொடக்கம் 1 சதவீதம் வரை சேர்ந்தால் ஏறக்குறைய இறுகவே விடாது. 5 கன மீற்றர் கலவையில் 1,750 கிலோ சீமெந்து இருக்குமானால் 1 சதவீதம் என்பது பதினேழரைக் கிலோ. வீதியோரக் கடையில் வாங்கக்கூடிய அளவுதான். ஆனால் சீனி போட்ட கலவை அத்துடன் குப்பை. பாதை திறந்ததும், இளகித்தானே இருக்கிறது என்று அதைத் தளத்துக்குக் கொண்டுபோய் ஊற்றக் கூடாது. டிரம்மைக் காப்பாற்றும் கடைசி முயற்சியாகவே இதைக் கொள்ளுங்கள். மழைக்காலங்களில் ஆலையிலேயே அளந்து சேர்க்கும், இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் மருந்துதான் முறையான வழி. தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கலந்து 90 நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது பல நாடுகளின் தரவிதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவு. அது நெருங்கும்போது ஆலைக்குத் தொலைபேசியில் சொல்லி, கலவையை எங்கே கொட்டலாம் என்ற முடிவைக் கேளுங்கள். என்ஜின் ஒழுங்காக ஓடும்வரை டிரம்மை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். என்ஜினே பழுதாகிவிட்டால், இன்னொரு லொறியின் ஹைட்ரோலிக் குழாய்களை இணைத்து டிரம்மைச் சுழற்றத் தெரிந்த மெக்கானிக்கை அழையுங்கள். அதற்கும் வழியில்லாதபோது மேன்ஹோல் மூடியைக் கழற்றி இறக்குவதே மிச்சம். மூடி கீழ்ப்பக்கம் வரும்படி டிரம் நிற்காவிட்டால் அதுவும் கைகொடுக்காது. ஆதலால் என்ஜின் சிணுங்கத் தொடங்கும்போதே மூடியைக் கீழே கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எங்கள் லயத்துக்கு மேலேயுள்ள வளைவில் கொங்கிறீட் லொறிகள் நின்று டிரம்மைக் கழுவுகின்றன. வெள்ளைத் தண்ணீர் தேயிலைக் காட்டு வழியே எங்கள் பீலிக்கு வரும் ஓடையில் கலக்கிறது. இதனால் கெடுதி உண்டா? — தோட்ட வாசகர், வட்டவளை

பதில்: உண்டு. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பினால், புளிப்பையும் காரத்தையும் காட்டும் அதன் பிஎச் அளவு 12ஐத் தாண்டும். மீன்களின் செவுளையும் மனிதத் தோலையும் கண்ணையும் அது அரிக்கும். தேயிலையோ பிஎச் 4.5 தொடக்கம் 5.5 வரையிலான புளிப்பு மண்ணை விரும்பும் செடி; சுண்ணாம்புத் தண்ணீர் தேங்கும் இடத்தில் அது செழிக்காது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் பிஎச் 6.0க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. லொறிகள் ஆலைக்குத் திரும்பி, அடுத்தடுத்த தொட்டிகளில் மண்டி அடங்கவிட்டு, தெளிந்த நீரை மீண்டும் கழுவுவதற்கே பயன்படுத்த வேண்டும்.

முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலில், இறக்கிய இடத்திலேயே கழுவுங்கள் என்று சொன்னேன். தண்ணீரை உள்ளேயே வைத்துக் கொண்டுபோங்கள் என்றும் சொன்னேன். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்பவர்கள்தான் உங்கள் வளைவில் நிற்கிறார்கள். லொறியின் இலக்கம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து, முடிந்தால் புகைப்படத்துடன், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுதுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றைத் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள்; தேயிலை அவர்களுடையது. அதுவரை, வெள்ளைநீர் வந்த நாளில் பீலித் தண்ணீரைக் குடிப்பதற்கும் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதற்கும் எடுக்க வேண்டாம்.